எல்லாத்துக்கும் நாலு: பி.காம். மாணவர்களின் திருப்தி யார் கணக்கில் ஏறுகிறது?

போன மாதம் விழுப்புரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் பி.காம். மூன்றாம் ஆண்டு. இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில்தான் படிக்கிறாள். சாப்பிட்டுக்கொண்டே போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். என்னம்மா என்று கேட்டேன்.

"நாக்-லேருந்து மெயில் வந்திருக்கு மாமா. ஸ்டூடண்ட் சாட்டிஸ்ஃபேக்‌ஷன் சர்வே. இருபது கேள்வி. எல்லாத்துக்கும் நாலு போட்டுட்டேன்."

நாலு என்பதுதான் அதில் உச்ச மதிப்பெண்.

"கேள்வியைப் படிச்சுப் பார்த்தியா?"

"மூணு நாலு படிச்சேன். நம்ம காலேஜுக்கு நல்ல கிரேடு வரட்டுமேன்னு போட்டுட்டேன்."

"சரி, உனக்கு இந்தப் படிப்புல திருப்திதானா?"

கொஞ்சம் யோசித்தாள். "அது வேற கேள்வி மாமா" என்றாள்.

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை. திருப்தி ஆய்வுகள் என்ற பெயரில் நம் வணிகவியல் துறைகளில் வருஷா வருஷம் எழுதப்படுபவை, தரச்சான்றுக்காக நடத்தப்படுபவை எல்லாமே அந்த "வேற கேள்வி"யைக் கேட்காமலே பதிலை எண்ணிவிடுகின்றன என்பது என் குற்றச்சாட்டு. முதல் குற்றவாளி நான்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் ஆய்வேடு

எம்.பில். என்று ஒரு பட்டம் இருந்தது. 2022-ல் யு.ஜி.சி. அதை நிறுத்திவிட்டது. அதற்குப் பல வருஷம் முன்னால் நானும் ஒன்று வாங்கினேன். தலைப்பு: வணிகவியல் மாணவர்களின் திருப்தி நிலை. முறையும் எல்லோரும் அறிந்ததுதான். ஒரு கேள்வித்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே "மிகவும் உடன்படுகிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரை ஐந்து கட்டங்கள். 1932-ல் ரென்சிஸ் லிக்கர்ட் கொண்டுவந்த அளவுகோல். பிறகு சதவீதப் பகுப்பாய்வு, ஒரு கை-வர்க்கச் சோதனை. "பாலினத்துக்கும் திருப்திக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை", "குடும்ப வருமானத்துக்கும் திருப்திக்கும் தொடர்பு உண்டு" என்கிற மாதிரி நாலு முடிவுகள். கடைசியில் பரிந்துரைகள்: நூலகத்தை மேம்படுத்தலாம், வேலைவாய்ப்பு முகாம் நடத்தலாம். வாய்மொழித் தேர்வில் யாரும் எதுவும் கேட்கவில்லை. டீ, பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

ஒரே ஒரு தாள் மட்டும் இன்னும் மறக்கவில்லை. திண்டிவனம் பக்கத்து மாணவி ஒருவர். எல்லா வாக்கியத்துக்கும் "மிகவும் உடன்படுகிறேன்" என்று டிக் போட்டிருந்தார். தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் தமிழில் சின்ன எழுத்தில் ஒரு வரி: டெபிட் கிரெடிட் எனக்கு இன்னும் புரியவில்லை சார்.

மூன்றாம் ஆண்டு மாணவி. முன்பக்கம் முழுத் திருப்தி, பின்பக்கம் இது. நான் என்ன செய்தேன்? முன்பக்கத்தை எண்ணாக மாற்றி ஏற்றினேன். பின்பக்கத்துக்கு என் அட்டவணையில் கட்டம் இல்லை. அதனால் விட்டுவிட்டேன். அந்த மாணவியைத் தேடிப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கலாம். அதுவும் செய்யவில்லை. என் ஆய்வேட்டில் இன்றைக்கும் அவர் "மிகுந்த திருப்தியுள்ளவர்" என்ற பிரிவில்தான் இருக்கிறார்.

கேள்வித்தாள் எதைக் கேட்கிறது?

நாக் 2017-ல் தன் மதிப்பீட்டு முறையைத் திருத்தியமைத்தபோது மாணவர் திருப்திக் கணக்கெடுப்பையும் சேர்த்தது. பாடத்திட்டத்தில் எத்தனை சதவீதம் நடத்தி முடித்தார்கள், ஆசிரியர் தயாரித்துக்கொண்டு வருகிறாரா, உள்மதிப்பீடு நியாயமாக இருக்கிறதா, எத்தனை ஆசிரியர்கள் புரொஜெக்டர் மாதிரி சாதனங்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று இருபது கேள்விகள். இருபத்தொன்றாவது மட்டும் திறந்த கேள்வி, ஆலோசனை எழுதச் சொல்லும்.

கேள்விகள் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கவனியுங்கள். இயற்பியல் மாணவருக்கும் அதே இருபது, தமிழ் இலக்கிய மாணவருக்கும் அதே இருபது, பி.காம். மாணவருக்கும் அதே இருபது. படிப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்பது கேள்விக்குள் வரவே வராது.

ஆய்வேடுகள் பக்கம் வந்தால் அங்கே இன்னொரு அச்சு. 1988-ல் பரசுராமன், ஜெய்தாம்ல், பெர்ரி மூவரும் வெளியிட்ட சர்வ்குவால். இதில் பரசுராமன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். ஐந்து பரிமாணங்கள், 22 வாக்கியங்கள். சேவை தரும் கடையைப் பற்றி வாடிக்கையாளர் என்ன எதிர்பார்த்தார், என்ன கிடைத்தது என்று அளக்கும் கருவி. சேவை நிறுவனங்களுக்காக உருவானது. அதை எடுத்து "வங்கி" என்று இருக்கிற இடத்தில் "கல்லூரி" என்று மாற்றிவிட்டால் ஓர் ஆய்வேடு தயார். நானும் அப்படித்தான் மாற்றினேன்.

இதில் இருக்கும் கோளாறு எளிமையானது. வங்கிக்குப் போகிறவர் வங்கியராக மாறி வெளியே வருவதில்லை. பி.காம். சேருகிறவர் கணக்கு எழுதத் தெரிந்தவராக மாறி வெளியே வர வேண்டும். மாற்றம் நடந்ததா என்பதைக் கேட்காமல் கட்டடம் நன்றாக இருந்ததா என்று கேட்பது, ஆபரேஷன் செய்துகொண்டவரிடம் கட்டில் வசதியாக இருந்ததா என்று மட்டும் கேட்பது மாதிரி.

கணக்கர்களிடமே கேட்டவர்

இந்த விஷயத்தில் நம் துறைக்காரர்கள் மறந்துபோன ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க்கின் பெயர் எல்லா பி.காம். மாணவருக்கும் தெரியும். மேலாண்மைத் தாளில் இரு காரணிக் கோட்பாடு, கட்டாயம் வரும் பத்து மார்க் கேள்வி. ஆனால் அவரும் அவர் குழுவினரும் யாரிடம் பேசி அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று மாணவர்களைக் கேளுங்கள், பெரும்பாலும் தெரியாது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் இருநூறு பேர். பொறியாளர்களும் கணக்கர்களும். 1959-ல் நூலாக வந்தது.

அவர்கள் ஐந்து கட்டம் கொடுக்கவில்லை. உங்கள் வேலையில் ரொம்ப நல்லா உணர்ந்த ஒரு நேரத்தைச் சொல்லுங்கள், ரொம்ப மோசமாக உணர்ந்த ஒரு நேரத்தைச் சொல்லுங்கள் என்று கதை கேட்டார்கள். நல்ல கதைகளில் திரும்பத் திரும்ப வந்தவை: சாதித்தது, அங்கீகாரம், வேலையின் ருசி, பொறுப்பு. மோசமான கதைகளில் வந்தவை: நிர்வாகக் கொள்கை, மேற்பார்வை, சம்பளம், வேலைச் சூழல். இரண்டும் ஒரே கோட்டின் இரண்டு முனைகள் இல்லை என்பதுதான் அவர்கள் சொன்னது. குறை இல்லாமல் இருப்பது வேறு, திருப்தியாக இருப்பது வேறு. கோட்பாட்டை விமர்சித்தவர்களும் நிறைய. நல்லது நடந்தால் "நான் செய்தேன்" என்றும் கெட்டது நடந்தால் "அவர்கள் செய்தார்கள்" என்றும் சொல்வது மனித இயல்பு, அதனால்தான் இப்படிப் பிரிகிறது என்றார்கள். நியாயமான விமர்சனம்தான். ஆனாலும் கேட்ட முறை, கதை கேட்ட முறை, எனக்கு இன்னும் மதிப்பாகப் படுகிறது.

நம்ம ஊருக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். காலையில் செஞ்சியிலிருந்தோ வானூர்ப் பக்கமிருந்தோ பஸ் ஏறி வரும் பெண்ணுக்கு, பஸ் நேரத்துக்கு வருகிறதா, கல்லூரியில் கழிப்பறையில் தண்ணீர் இருக்கிறதா என்பது சின்ன விஷயம் இல்லை. அது சரியில்லை என்றால் படிப்பே நின்றுபோகும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய், 2024 ஆகஸ்டில் ஆண்களுக்கு வந்த தமிழ்ப் புதல்வன் ஆயிரம் ரூபாய், இவை பஸ்சுக்கும் புத்தகத்துக்கும் உதவுகின்றன. இதெல்லாம் வேண்டும். இதையெல்லாம் கேட்கும் கேள்வித்தாளும் வேண்டும். ஆனால் இது எல்லாம் சரியாக இருந்தும் ஒருவர் மூன்று வருஷம் படித்து டெபிட் கிரெடிட் புரியாமல் வெளியே வர முடியும். அப்போது குறை ஒன்றும் இருக்காது. திருப்தியும் இருக்காது.

குறைந்த எதிர்பார்ப்பு, நிறைந்த மார்க்

இன்னொரு சிக்கல். 1980-ல் ரிச்சர்ட் ஆலிவர் சொன்னது: திருப்தி என்பது கிடைத்ததை மட்டும் பொறுத்ததல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்தது. சரிதான். அப்படியானால் எதிர்பார்ப்பு மிகக் குறைவாக இருப்பவர் எப்போதும் திருப்தியாகத்தானே இருப்பார்?

அமர்த்தியா சென் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு கணக்கெடுப்பு உண்டு. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த வருஷம், 1944-ல், கல்கத்தா அருகே சிங்கூரில் எடுத்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு, மனைவியை இழந்த ஆண்களில் 48.5% பேர் சுகமில்லை அல்லது சுமார்தான் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5% மட்டும். அந்தப் பெண்கள் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்றா அர்த்தம்? குறை சொல்ல உரிமை உண்டு என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை என்று அர்த்தம்.

பஞ்சத்தையும் பி.காம்.மையும் ஒப்பிடவில்லை. பதில் சொல்லும் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளையிடம் "இந்தக் கல்லூரியில் உங்களுக்குத் திருப்தியா" என்று கேட்டால் என்ன சொல்லும்? அப்பா கரும்பு வெட்டப் போகிறார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார், தான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படிக்கிறோம். நாலு போடாமல் என்ன செய்யும்? அது நன்றி. நன்றியைத் திருப்தி என்ற தலைப்பில் எழுதிக்கொள்கிறோம்.

எதிர்த் திசையிலும் கோளாறு நடக்கும். பி.காம். (சி.ஏ.) என்று ஒரு பிரிவு. சி.ஏ. என்றால் இங்கே கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். கல்யாண வீட்டில் மாமா கேட்பார், "என்னப்பா, சி.ஏ.வா படிக்கிற? ஆடிட்டர் ஆயிடுவியே!" அந்தப் பையன் விளக்கிச் சொல்வதற்குள் மாமா பந்திக்குப் போய்விடுவார். ஊர் வைத்த எதிர்பார்ப்பு ஒன்று, படிப்பு கொடுப்பது வேறு ஒன்று. உண்மையான சி.ஏ.வுக்குப் போக பி.காம். முடித்தவருக்கு 55% இருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம் என்ற வழி இருக்கிறது. இது தெரியாமலே மூன்றாம் ஆண்டு முடிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தெரியாத கதவு மூடியிருக்கிறது என்று யாரும் புகார் எழுத மாட்டார்கள்.

உயர்கல்வி பற்றிய 2021-22 அகில இந்தியக் கணக்கெடுப்பில் இளநிலை மாணவர்களில் 13.3% பேர் வணிகவியல். நம் அரசுக் கல்லூரிகளில் கலந்தாய்வு நடக்கும்போது சீக்கிரம் நிரம்பும் பிரிவுகளில் பி.காம். ஒன்று. சீட்டு கிடைத்ததே பெரிய விஷயம். கிடைத்தவர் கிடைத்ததைக் குறை சொல்வாரா?

வருவது வரவு இல்லை

இப்போது அந்தப் பின்பக்க வரிக்கு வருவோம். மூன்று வருஷம் ஆகியும் டெபிட் கிரெடிட் ஏன் புரியவில்லை? அந்த மாணவி மந்தம் என்று நினைத்தால் தப்பு. அதில் உண்மையிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது.

பிளஸ் டூ வரை தமிழ் வழி. அங்கே டெபிட் என்றால் பற்று, கிரெடிட் என்றால் வரவு. ஆள்சார் கணக்குக்கு விதி: பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு. இது நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். ஏனென்றால் மளிகைக் கடையில் நம் வீட்டுப் பேரில் ஒரு பத்து நோட்டு இருக்கிறது. அரிசி வாங்கினால் அண்ணாச்சி பத்து எழுதுவார். பணம் கொடுத்தால் வரவு வைப்பார். புத்தகத்து விதியும் கடைக்காரர் நோட்டும் ஒன்றுதான்.

அடுத்த விதி சொத்துக் கணக்குக்கு: உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை. இங்கேதான் மண்டை காயும். வருவது எப்படிப் பற்று ஆகும்? வீட்டில் வரவு செலவு என்றால் வருவதுதானே வரவு? மாணவர் ஒரு நிமிஷம் குழம்புவார். ஆசிரியர் "ரூல் அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்பார். பிறகு கல்லூரி. புத்தகம் ஆங்கிலம், ரெட்டி – மூர்த்தியின் தடிமனான நூல். பற்று போய் டெபிட் வந்துவிடும். பழைய குழப்பம் தீராமலே புது மொழியில் மறுபடி மனப்பாடம். தேர்வில் பத்துக் கணக்கு போட்டுப் பார்த்தால் அதில் ஒன்று வரும். பாஸ் ஆகிவிடலாம். எழுபது மார்க்கும் வாங்கலாம்.

அக்கா மகளிடம் அன்றைக்குச் சாயங்காலம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "கடைக்காரர் நோட்டுல நம்ம பக்கத்துல 500 வரவு எழுதுறாரு. அந்த 500 எங்க போச்சு?" "கல்லாப்பெட்டிக்கு." "கல்லாப்பெட்டியையும் ஒரு ஆளா நினைச்சுக்கோ. அதுக்கும் நோட்டுல ஒரு பக்கம் இருக்கு. அது 500 வாங்கிக்கிச்சு. வாங்கினவங்க பக்கத்துல என்ன எழுதுவோம்?"

"பத்து!" என்றாள். பிறகு, "அப்ப பேங்க் பாஸ்புக்ல நாம பணம் போட்டா கிரெடிட்னு வர்றது, அது பேங்க்கோட நோட்டு. நாம அவங்களுக்குக் கொடுத்தவங்க. நம்ம நோட்டுல எழுதினா பேங்க் தான் வாங்கினவங்க, டெபிட்" என்று அவளே முடித்தாள்.

யாருடைய நோட்டு என்று கேட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். 1494-ல் வெனிஸ் நகரில் லூக்கா பசியோலி அச்சிட்டுக் கொடுத்த இரட்டைப் பதிவு முறைக்கும் நம் அண்ணாச்சி நோட்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் ஒரு கல்லாப்பெட்டிதான். அவள் முகத்தில் அப்போது வந்தது என்ன? அதற்கு என் ஆய்வேட்டில் ஒரு கட்டம் இருந்திருக்க வேண்டும்.

இரண்டு ஜி.எஸ்.டி.

நம்ம ஊருக்கு இரண்டு ஜி.எஸ்.டி. ஒன்று சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே போகும் கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. இன்னொன்று 2017 ஜூலை 1-ல் வந்த வரி. பி.காம். முடித்தவர்களை இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. ரோடு, மறைமலை நகர், தாம்பரம் என்று கம்பெனி வேலைக்குக் கூட்டிப்போகும். வரி, உள்ளூர் ஆடிட்டர் ஆபீஸில் உட்கார வைக்கும். அரிசி மண்டி, உரக்கடை, ஜவுளிக்கடை, செங்கல் சூளை எல்லாருக்கும் மாதா மாதம் ரிட்டர்ன் போட ஆள் வேண்டும். 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர். 1, 20-ஆம் தேதிக்குள் 3பி.

திண்டிவனத்தில் அப்படி ஓர் ஆபீஸில் வேலை பார்க்கும் தம்பி ஒருவரிடம் பேசினேன். ஹெர்ஸ்பெர்க் கேட்ட மாதிரியே கேட்டேன்: படிச்சது பிரயோஜனமா இருந்ததுன்னு தோணின ஒரு நாளைச் சொல்லுங்க.

அவர் சொன்னது: ஒரு மண்டிக் கணக்கு. டாலியில் உள்ள வங்கி இருப்பும் வங்கி ஸ்டேட்மெண்டும் ஒத்துவரவில்லை. வித்தியாசம் 2,700. இரண்டு நாளாகத் தேடுகிறார்கள். மூன்றாம் நாள் இவருக்குத் திடீரென்று முதலாம் ஆண்டில் ஒரு சார் போகிற போக்கில் சொன்னது ஞாபகம் வந்தது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எண் இடம் மாறியிருக்கலாம். 2,700 ஒன்பதால் வகுபடும். அப்படியே பார்த்துக்கொண்டு போனால், 5,830 என்று இருக்க வேண்டியது 8,530 என்று ஏறியிருக்கிறது.

"அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலண்ணா, சந்தோஷத்துல. சம்பளம் வந்த அன்னிக்குக்கூட அப்படி இருந்ததில்ல" என்றார்.

அந்தச் சார் வகுப்பறையில் சொன்ன ஒரு வாக்கியம் நாலு வருஷம் கழித்து மண்டிக் கணக்கில் பலித்திருக்கிறது. அந்த ஆசிரியருக்குத் தெரியாது. கல்லூரிக்கும் தெரியாது. இந்தத் தம்பி மூன்றாம் ஆண்டில் சர்வே நிரப்பியபோது அந்த வாக்கியத்துக்கு மதிப்பே இல்லை. அதை உபயோகிக்கும் நாள் அப்போது வரவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, "அப்ப எல்லா காலேஜ்லயும் டாலி சொல்லிக் கொடுத்தா போதுமே" என்பவர்கள் உண்டு. டாலி வேண்டும்தான். 1986-ல் பெங்களூரில் கோயங்கா குடும்பத்தார் தொடங்கிய கம்பெனியின் மென்பொருள் இன்று நம் கடைத்தெருவின் பேரேடாகவே ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாடிக்கு மாடி டாலி சென்டர். ஆனால் அங்கே கற்றுக் கொடுப்பது பெரும்பாலும் எந்த விசை எதற்கு என்பது: எஃப்5 செலுத்துகை, எஃப்6 பெறுகை, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். எல்லாம் ஒழுங்காகப் போகும்வரை அது போதும். 2,700 வித்தியாசம் வந்த அன்றைக்கு எந்த விசையும் உதவாது. டாலியில் இருபுறமும் சமமாகத்தான் இருக்கும், எண்ணே தப்பாக ஏறியிருந்தாலும். தப்பைக் கண்டுபிடிக்க, கணக்கு என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். அதுதான் பட்டம் கொடுக்க வேண்டியது. விசை தெரிந்து காரணம் தெரியாதவர் குமாஸ்தாவாகவே நிற்பார். காரணம் படித்து விசையைத் தொடாதவர் நேர்காணலில் விழிப்பார். இரண்டும் ஒரே அறையில் சந்திப்பதில்லை என்பதுதான் நம் பி.காம்.மின் நோய். அந்த நோயைக் கேட்கும் கேள்வி இருபதில் ஒன்றுகூட இல்லை.

பட்டத்தின் மேலே இருக்கும் பெயர்

ஆய்வேடுகளில் "நிறுவனத்தின் நற்பெயர்" என்று ஒரு காரணி தவறாமல் வரும். நம் பகுதியில் அந்தக் காரணியை எப்படி அளப்பது? விழுப்புரத்து அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனத்து ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி போன்றவை ஒரு காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ். 2002-ல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்த பிறகு அதன் கீழ். 2021 பிப்ரவரியில் விழுப்புரத்துக்கே ஜெ. ஜெயலலிதா பெயரில் தனிப் பல்கலைக்கழகம் என்று சட்டமன்றம் முடிவு செய்தது. ஆட்சி மாறி, அதே வருஷம் ஆகஸ்ட் 31 அன்று அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதா நிறைவேறியது.

அரசியல் பேச வரவில்லை. ஒரே தெருவில் அண்ணன் ஒரு பல்கலைக்கழகப் பட்டம், தம்பி இன்னொரு பல்கலைக்கழகப் பட்டம். படித்தது ஒரே வகுப்பறை. நற்பெயர் என்று கேள்வித்தாளில் எழுதினால் மாணவர் எதை நினைத்து டிக் போடுவார்? கல்லூரியையா, பல்கலைக்கழகத்தையா, கல்யாண வீட்டு மாமா சொன்னதையா? கேள்வி ஒன்று, பதில் மூன்று. ஆனால் அட்டவணையில் ஒரே சராசரி.

சரிக்கட்டும் பட்டியல்

பதினொன்றாம் வகுப்பில் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் என்று ஒரு பாடம் வரும். நம் ரொக்க ஏட்டில் ஒரு இருப்பு, வங்கி ஏட்டில் வேறு ஒரு இருப்பு. இரண்டும் பொய் இல்லை. எழுதியவர் வேறு, எழுதிய நேரம் வேறு. வித்தியாசம் எங்கே என்று வரி வரியாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

திருப்திக் கணக்கும் அப்படித்தான். நாக் கணக்கெடுப்பு கல்லூரியின் ஏடு. மாணவர் போட்ட நாலு அங்கே வரவாக ஏறுகிறது, கிரேடு வருகிறது. மாணவரின் சொந்த ஏட்டில் என்ன இருக்கிறது என்பதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டையும் ஒத்துப்பார்க்கிற ஆய்வுதான் நமக்கு வேண்டும். இன்றைக்கு நான் அந்த ஆய்வேட்டை மறுபடி எழுதினால் கேள்விகளை இப்படிக் குறைத்துவிடுவேன்:

ஒன்று: இந்தப் படிப்பில் ஏதோ ஒன்று சட்டென்று புரிந்த நாளைச் சொல்லுங்கள். யார் சொல்லிக் கொடுத்தார்கள், எந்த மொழியில்?

இரண்டு: உங்கள் தெருக் கடைக்காரர் ஒரு வருஷக் கணக்கைக் கையில் கொடுத்தால், முடித்துக் கொடுக்க முடியுமா? முடியாது என்றால் எந்த இடத்தில் நின்றுபோவீர்கள்?

மூன்று: எந்தக் கேள்வியைக் கேட்க மூன்று வருஷமாகக் கூச்சப்பட்டீர்கள்?

இதையே மூன்றாம் ஆண்டு முடிவில் ஒரு தடவை, வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆனபின் ஒரு தடவை கேட்பேன். ஐந்து கட்டம் கிடையாது. எண்ணாக மாற்றுவது கஷ்டம், ஒரு தாளைப் படிக்கவே கால் மணி ஆகும், மென்பொருளில் ஏற்ற முடியாது. எல்லாம் தெரியும். ஆனால் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுத வேண்டிய அவசியம் யாருக்கும் வராது.

கிளம்பும்போது அக்கா மகளிடம் முதல் கேள்வியைக் கேட்டேன். "சட்டுனு புரிஞ்ச நாள் எது?"

சிரித்தாள். "இன்னிக்குத்தான் மாமா."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாம் ஆண்டு, ஐந்தாம் செமஸ்டர் முடிந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் நாலு போட்டாயிற்று. பஸ்ஸில் திண்டிவனம் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பின்பக்க மாணவிக்கு யாராவது ஒரு கல்லாப்பெட்டியைக் காட்டியிருப்பார்களா?